மூடினால் வரும் காய்ச்சல்

முதலில் புறங்கை. இயந்திரத்தின் பின்கதவைத் திறந்ததும் அக்காவின் கண் எங்கேயோ இருக்கும். வலது கையின் பின்பக்கம் மட்டும் ரேடியேட்டரின் மேல் விளிம்பில் போய் உட்காரும். உதடு அசையாமல் மூன்று எண்ணுவார். அடுத்தது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து கிளம்பும் குழாய். அது சுடும், அதற்கு ஒரே எண்ணிக்கைதான். பிறகு பெல்ட் மூடி, பேட்டரிப் பெட்டி, காற்று பில்டரின் உடம்பு, மறுபடி மூன்று மூன்றாக. உள்ளங்கையால் தொட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "உள்ளங்கை பொய் சொல்லும் தம்பி. ஸ்பேனர் பிடிச்சுப் பிடிச்சு மரத்துப்போன தோலு. எதைத் தொட்டாலும் பரவாயில்ல, பரவாயில்லன்னுதான் சொல்லும்" என்றார்.

கட்டட வேலைக்குச் சின்ன இயந்திரங்களை வாடகைக்கு விடுகிற நிறுவனம் எங்களுடையது. பதினான்கு இயந்திரங்களுக்கும் மெக்கானிக் இந்த அக்காதான். வயது நாற்பத்து மூன்று. முழுக்கைச் சட்டை, முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை, காதுக்குப் பின்னால் பென்சில். ஆப்பரேட்டர்கள் வைத்திருக்கும் பெயர் காய்ச்சல் டாக்டர். பாதி கிண்டல், பாதி மரியாதை. அவரும் விடமாட்டார். உன் மூளையில்தான் காய்ச்சல், அதற்கு என்னிடம் மருந்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

நான் சொல்ல வருகிற அந்தக் காலையில், பத்து மணிக்கு, அதே இடத்தில் அவர் நான்காவது தடவையாகப் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாடி ஆழத்துக்குத் தோண்டிய பள்ளம். ஒரு பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் அஸ்திவாரம் பல் ஈறு தெரிவதுபோல வெளியே தெரிந்தது. அதை ஒட்டி வெட்டிய வாய்க்காலை மழைக்கு முன்னால் மண் போட்டு நிரப்பியாக வேண்டும். வானம் காலையிலிருந்தே கறுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குறுகலான பள்ளத்துக்குள் இறங்கி வேலை செய்யக்கூடியது ஒரே ஒரு மினி லோடர்தான். முன்னால் பக்கெட், நடுவில் ஓட்டுகிறவரின் கூண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு போட்டு மூடிய எஞ்சின். எருமைக் கன்றுபோல இருக்கும். இழுக்கிற இழுப்பு எருமையுடையது.

அந்த எருமைக்குத்தான் பதினெட்டு நாளாகக் காய்ச்சல். எஞ்சினுக்குள் போகும் காற்று அளவுக்கு மேல் சூடாக இருக்கிறது என்று கூண்டில் ஒரு மஞ்சள் லைட் வரும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் எஞ்சினைக் காப்பாற்றுகிறேன் என்று கணினி தானாகவே பலத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். முந்தின நாள் அது நடந்தது. மண் நிறைந்த பக்கெட்டோடு சரிவில் ஏறிக்கொண்டிருக்கும்போது பலம் போய், வண்டி நான்கு மீட்டர் பின்னால் வழுக்கி வந்தது. கீழே குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்த ஆள் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தார். அவருடைய ஒரு செருப்பு இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

முதலாளி கத்துகிற மனிதர் இல்லை. அவர் குரல் இறங்க இறங்கத்தான் நமக்குப் பயம் ஏறும். இன்று காலை அவர் பேசியது கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. மெஷினில் ஒன்றும் இல்லையென்று பல தடவை பார்த்தாகிவிட்டது, அப்படியானால் ஓட்டுகிறவரிடம்தான் கோளாறு. மதியம் பன்னிரண்டு மணிக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் அவரைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன், வேறு ஆள் வருகிறார் என்று சொன்னார். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் ஓட்டுநர் கவனக்குறைவு, அளவுக்கு மீறிய வேகம் என்று என்னை விட்டே தட்டச்சு செய்ய வைத்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஆப்பரேட்டருக்கு, வண்டிகள் நிற்கும் எங்கள் யார்டில், பெயரே நத்தை. இருபத்தாறு வருடமாக லோடர் ஓட்டுகிறவர். பக்கெட்டில் முட்டையை வைத்துக் கொடுத்தாலும் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார், ஆனால் குஞ்சு பொரித்துத்தான் போய்ச் சேரும் என்பார்கள். வலது முழங்கால் மடங்காது. ஐம்பத்து நான்கு வயதில், மடங்காத காலோடு, வண்டியை வழுக்கவிட்டவர் என்ற பெயரோடு அவர் வேறு எந்த யார்டில் போய் நிற்க முடியும்? சரிவின் ஓரத்தில் குடைக்கம்புபோல விறைப்பாக நின்றிருந்தார். யார் பார்த்தாலும் ஆக்ஸிலேட்டரைப் பற்றி ஒன்றையே சொன்னார்: "நான் மிதிக்கவே இல்லைங்க."

நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், டேப் எனும் கைக்கணினியை இயந்திரத்தின் கணினியோடு இணைத்து, திரையில் வரும் கோடுகளைப் படிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளை அப்பா தன் சைக்கிளின் மட்கார்டில் பெயிண்டரைக் கொண்டு எழுதியிருக்கிறார். சைக்கிள் அவருடையது, பட்டம் என்னுடையது. ஊரில் பாதிப் பேர் அவரைத்தான் இன்ஜினியர் என்று நினைக்கிறார்கள், அவரும் திருத்துவதில்லை. அந்தத் தெம்பில் முதல் வாரமே சொல்லிவிட்டேன், சென்சார் போய்விட்டது என்று. மாற்றினோம். லைட் வந்தது. வயர் என்றேன். மாற்றினோம். லைட் வந்தது. புது சென்சாரும் பழுதோ என்று மறுபடி மாற்றினோம். அக்கா குறுக்கே எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை மட்டும், தெர்மாமீட்டரை மாற்றிக்கொண்டே இருந்தால் காய்ச்சல் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விடுமா என்று கேட்டார்.

அவர் முதலில் மெக்கானிக் இல்லை. பதினோரு வருடம் இதே நிறுவனத்தின் உதிரிபாகக் கவுண்டரில் இருந்தவர். உடைந்ததை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உடைந்த கதையையும் கூடவே கொண்டுவந்து கொட்டுவார்கள். கேட்டுக் கேட்டு எது எதனால் உடையும் என்று மனசில் ஒரு பெரிய அலமாரியே கட்டிவிட்டார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பணிமனைக்குப் போகிறேன் என்று கேட்டபோது முதலாளி ஒரு நிபந்தனையோடுதான் விட்டார். உங்கள் கையால் ஒரு மெஷின் நின்றாலும் அன்றைக்கே திரும்பக் கவுண்டர்.

ஒன்பது வருடத்தில் ஒன்றும் நிற்கவில்லை. அதற்கு அவர் படுகிற பாடு வேறு யாரும் படுவதில்லை. ரேடியேட்டரை அமுக்கத் தண்ணீரால் அடித்துக் கழுவுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. தகடு மடங்கி, தூசி சேறாகி, இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளும். "மூக்கடைச்சவன் முகத்துல பைப்பைப் பிடிச்சு அடிச்சா மூக்கு திறந்துக்குமா?" என்று கேட்பார். அவர் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான காற்றால், ஒரு மணி நேரம் ஊதுவார். ஃபேன் சரியாக இழுக்கிறதா என்று பார்க்க அவரிடம் கருவி கிடையாது. மகளின் பழைய கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கிரில்லின் மேல் பிடிப்பார். ஒட்டிக்கொண்டால் சரி, நழுவினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஒருமுறை பத்துக்கு இரண்டு மதிப்பெண் வாங்கிய தாள் ஐம்பது பேர் வேலை செய்யும் சைட்டில் கிரில்லில் ஒட்டிக்கொண்டு நின்றது. மகள் மூன்று நாள் பேசவில்லையாம். வீட்டுக்காரரின் தோளில் தெரியாமல் கை வைத்தால் அவர் உடனே என்ன ரிப்பேர் என்று கேட்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அன்று சிரிக்கவில்லை. தாளைப் பிடித்தார், பசை போட்டதுபோல ஒட்டியது. பெல்ட்டை அழுத்தினார், இறுக்கம் சரி. பில்டரைக் கழற்றி டார்ச் அடித்தார், சுத்தம். காற்றைக் குளிரவைக்கும் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி மெத்தைபோல அடைந்து கிடக்கும் என்று கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தார். அவரே போன மாதம் ஊதிய இடம். ஒரு இழை இல்லை. டர்போவிலிருந்து வரும் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழி வரவில்லை. பெல்ட்டையும் பில்டரையும் தவிர மற்றதெல்லாம் எஞ்சின் ஓட ஓட, கதவைத் திறந்துபோட்டு. புறங்கை எல்லா இடத்திலும் நல்ல சேதியே சொல்லியது. மணி பதினொன்று. முதலாளி சரிவின் மேலே நின்று, வரப்போகிற ஆப்பரேட்டருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். இயந்திரம் சரியாகும்வரை டீ குடிக்காதவர். யாரோ கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்த்தார். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. பதினெட்டு நாள் பதிவுகளையும் டேப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பதினொரு தடவை லைட் வந்திருக்கிறது. பதினொன்றிலும் சூட்டின் கோடு மலைபோல ஏறி, ஒரே மாதிரி சட்டென்று இறங்கியது. இறங்கும் நேரத்தையும் நாங்கள் சோதனைக்கு வந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

"அக்கா, எஞ்சினை நிறுத்தினதால இறங்கல. ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு. நாம பின்கதவைத் திறந்த ரெண்டு நிமிசத்துல இறங்குது."

"மூடினா?"

"அரைமணியில ஏறுது."

அவர் டீயைக் கீழே வைத்தார். "அப்ப நாம பாக்கும்போதெல்லாம் இவன் நல்லா இருக்கான். நாம பாக்காதப்பதான் காய்ச்சல்."

அவருக்கு எல்லா இயந்திரமும் 'இவன்'தான். என்னிடம் நீள வயர் வைத்த வெப்பமானி ஒன்று இருந்தது. அதன் முனையைப் பில்டர் மூச்சு இழுக்கும் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டினார். வயரைக் கதவின் ரப்பருக்கு அடியில் வெளியே விட்டு, கதவைச் சாத்திக் கொக்கியையும் மாட்டினார். நத்தை அண்ணனைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். பக்கெட்டை மண்மேட்டில் முட்டு கொடுத்து, வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினுக்கு முழுச் சுமை கொடுக்கச் சொன்னார். நத்தை அண்ணன் இரண்டு தடவை கேட்டார், முழுசாகவா, நிஜமாகவே மிதிக்கவா என்று. பிறகும் பயந்து பயந்துதான் மிதித்தார்.

வெளியே காற்றின் சூடு முப்பத்து நான்கு டிகிரி. பில்டரின் வாயில் முப்பத்தெட்டு. நாற்பத்தேழு. அக்கா எண்ணைப் பார்க்கவில்லை. நான் சொல்லச் சொல்லக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தாறு. அறுபத்து நான்கு. கூண்டுக்குள்ளிருந்து நத்தை அண்ணன் கையை உயர்த்தினார். மஞ்சள் வந்துவிட்டது. வானத்திலிருந்து என் டேப்பின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

வெளியிலிருந்து சுத்தமான காற்றை இழுக்க வேண்டிய பில்டர், மூடிய அறைக்குள் எஞ்சின் விட்ட அனலையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் அறை ஆறிவிடும், நோய் போய்விடும், வைத்தியர் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போவார். எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு அக்கா கதவைத் திறந்தார். பில்டரிலிருந்து, வெளிக்காற்று வருவதற்காகப் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும் துளைவரை ஒரு ரப்பர் ஓஸ் போகும். அதன் மறுமுனை பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தோள்வரை கையை உள்ளே விட்டார். கன்னம் பேட்டரியில் அழுந்தியது. கை உள்ளே எதையோ தேடி, கண்டுபிடித்து, அப்படியே நின்றுவிட்டது. வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

எடுத்தபோது என்னிடம் மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினார். துளைக்கும் ஓஸுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி.

எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. இந்த வண்டி இந்த சைட்டுக்கு வருவதற்கு முந்தின நாள், பழைய ஓஸ் வெடித்திருந்தது. புதியது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அக்கா ஓரங்கட்டிய வேறொரு வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் கைத்தடவலிலேயே பொருத்தினார். அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லி, அன்று டீ வாங்கிக் கொடுத்தார். ஓஸ் மாறிய நாளும் சைட் மாறிய நாளும் ஒன்றாகிப் போனதால், பள்ளத்துச் சூடு என்றோம், சென்சார் என்றோம், நத்தை என்றோம். ஓஸை யாரும் சொல்லவில்லை.

முதலாளி இறங்கி வந்துவிட்டார். என்ன என்று கேட்டார். ஓஸ் துளையில் இல்லை, உள்ளே இருக்கும் அனலை இழுத்திருக்கிறது என்று நான்தான் சொன்னேன். யார் போட்ட ஓஸ் என்பதை நான் சொல்லவில்லை. அவர் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"கழண்டிருக்கு. இந்த ஆளு குலுக்கின குலுக்கல்ல கழண்டிருக்கு. நான் அப்பவே சொன்னேன்ல?"

எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும். அக்கா தலையசைத்திருந்தால் போதும். தலைகூட அசைக்க வேண்டாம், சும்மா இருந்திருந்தாலே போதும். ஒன்பது வருடக் கணக்கு அப்படியே சுத்தமாக நின்றிருக்கும். கோளாறைக் கண்டுபிடித்தவர் என்ற பெயரும் வந்திருக்கும். கூண்டுக்குள் நத்தை அண்ணன் எஞ்சின் நின்ற அமைதியில் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கழறல சார்" என்றார் அக்கா. "நான் போட்டதே குட்டை."

முதலாளி நிமிர்ந்தார்.

"வேற வண்டி ஓசு. எட்டிடுச்சுன்னு நெனச்சேன். கையை விட்டு நுனியைத் தொட்டுப் பாத்திருக்கணும். பாக்கல. அவர் மேல தப்பு இல்லை சார்."

மறுபடி ஒரு சொட்டு. பிறகு இரண்டு. முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். நேற்று அந்தக் கம்பி கட்டுகிற ஆளின் மேல் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். குரல் அடி மட்டத்துக்கு இறங்கியிருந்தது. அக்கா அவரை நேராகப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. ஒன்பது வருடமாக அவரை வாங்க, போங்க என்று பேசி வந்த மனிதர், இப்போது, "சாயங்காலம் ஆபீசுக்கு வா" என்றார். பிறகு சரிவைப் பார்த்துக்கொண்டே, "மழை வருது. சீக்கிரம் ஓட்டச் சொல்லு. அவரையே ஓட்டச் சொல்லு" என்றார். மேலே ஏறிப் போகும்போதே, வரச் சொன்ன ஆளை வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்.

அக்கா சைட்டில் கிடந்த தண்ணீர் பம்பின் உறிஞ்சு குழாயில் ஒரு முழம் அறுத்தார். பில்டருக்கு முந்தின பாதைதான், உள்ளே தூசி போனாலும் பில்டர் பிடித்துக்கொள்ளும், புதியது வரும்வரை தாங்கும் என்றார். கிளாம்ப் போட்டு முடுக்கினார். இந்தத் தடவை கண்ணாடி, டார்ச், விரல் மூன்றையும் உள்ளே அனுப்பி நுனியைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். என்னையும் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். துளையின் விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலம் ரப்பர் நீட்டிக்கொண்டிருந்தது. நத்தை அண்ணனை இறக்கிவிட்டு, கதவைச் சாத்தி, கொக்கி மாட்டி, அக்காவே கூண்டில் ஏறி முழுச் சுமையில் ஓடவிட்டார். முப்பத்தாறு. முப்பத்தெட்டு. அரைமணி நேரம் முப்பத்தெட்டு. கூண்டில் ஒரு லைட்டும் வரவில்லை. நான் பதிவேட்டைத் திறந்து, காரணம் என்ற இடத்தில் இருந்ததை அழித்தேன். புதிதாக என்ன எழுத என்று அவரிடம் கேட்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.

அக்கா கூண்டிலிருந்து இறங்கி விலகி நின்றார். நத்தை அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பதினெட்டு நாள் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தன் காலையே நம்பாமல் போன மனிதர். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்க்காமல் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப நான் மிதிக்கலைதானே?"

"மிதிக்கலைண்ணே."

அவர் தலையாட்டினார். மடங்காத காலை இழுத்து, ஏறும் படிக்கு எதிரே நிறுத்தினார். தூறலில் படி முழுக்கக் களிமண் வழவழவென்று ஏறியிருந்தது. கால் வைத்தால் வழுக்கும். அக்கா அவருக்கு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெறுங்கையால் அந்தக் களிமண்ணை வழித்து எறிந்தார். மூலையில் இருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தார். சட்டையின் ஓரத்தை வெளியே இழுத்துப் படியை ஒரு துடைப்புத் துடைத்தார். நத்தை அண்ணன் அதன் மேல் கால் வைத்து ஏறி உட்காரும்வரை, அவர் எழுந்திருக்கவில்லை.